காய்ச்சல்காரருக்கு இட்லியா, கொம்புச்சாவா?

ஹைதராபாத்தின் மியாபூர்–எல்.பி. நகர் மெட்ரோ பாதையில் எர்ரகட்டாவும் இ.எஸ்.ஐ. ஹாஸ்பிடலும் அடுத்தடுத்த நிலையங்கள். சனத்நகர் ஆலைத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வந்துபோகிற பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனை ஒன்றின் பக்கம். அரசு நெஞ்சக மருத்துவமனையும் மனநல மருத்துவமனையும் மற்றதன் பக்கம். விடிந்ததும் அந்தச் சாலையோர இட்லி பண்டிகளில் ஆவி பறக்கத் தொடங்கிவிடும். உள்ளே படுத்திருப்பவருக்கு என்ன வாங்கிப் போவது என்று துணைக்கு வந்தவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. தெலுங்கரோ தமிழரோ, காய்ச்சல் என்றால் இரண்டு இட்லி, அதுவும் காரச் சட்னி இல்லாமல்.

அதே பேட்டையின் சூப்பர் மார்க்கெட்டுகளில் இப்போது இன்னொன்றும் வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜுக்குள், பழச்சாறுகளுக்குப் பக்கத்தில் கொம்புச்சா என்ற புளித்த தேநீர் பாட்டில். குடலுக்கு நல்லது, எதிர்ப்புச் சக்தி கூடும் என்று கேள்விப்பட்டு, அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த அப்பாவுக்கும் காசநோய் மருந்து சாப்பிடும் தங்கைக்கும் வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அக்கறையோடுதான் செய்கிறார்கள். புளித்த உணவு நல்லது என்பது நம் வீட்டுப் பெரியவர்களும் சொன்னதுதானே என்ற நம்பிக்கையும் கூட நிற்கிறது.

இட்லியும் கொம்புச்சாவும் நுண்ணுயிர்கள் வேலை செய்து உருவான உணவுகள்தான். நோயாளியின் உடம்பைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு. இட்லியைப் புளிக்க வைத்த நுண்ணுயிர்கள் ஆவியில் மடிந்துவிடுகின்றன. கொம்புச்சாவில் இருப்பவை உயிரோடு வயிற்றுக்குள் போகின்றன. முதல் வகையை வெந்த புளிப்பு என்றும் இரண்டாவதை உயிர்ப் புளிப்பு என்றும் வைத்துக்கொள்வோம். ஆரோக்கியமாக இருக்கும்போது இந்த வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. படுக்கையில் விழுந்த பிறகு அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இட்லி மாவுக்குள் என்ன நடக்கிறது என்பதை 1965-ல் முகர்ஜி, ஸ்டெயின்கிராஸ் முதலியோர் அடங்கிய ஆய்வுக்குழு விரிவாக எழுதியது. ரொட்டி மாவைப் போல இங்கும் ஈஸ்ட்தான் பொங்க வைக்கிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் முன்னால் நின்று வேலை செய்வது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் இது, ஊறி அரைபட்டதும் பெருகி, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. உளுந்தின் புரதமும் பசையும் அந்த வாயுவைப் பிடித்து வைக்கின்றன. மாவு இரண்டு மடங்குக்கு மேல் எழும்புகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 6-லிருந்து 4.5 அளவுக்கு இறங்குகிறது. அந்தப் புளிப்பில் வயிற்றைக் கெடுக்கும் பெரும்பாலான கிருமிகள் வளர முடியாது.

பிறகு கொப்பரையில் ஆவி. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் லியூகோனோஸ்டாக் கூட்டமும் அதன் துணைகளும் முடிந்துபோகின்றன. ஆகவே ஆவியில் வெந்த இட்லியை 'புரோபயாடிக்', அதாவது நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கும் உணவு, என்று அழைப்பது தவறு. ஆனால் பந்தி பரிமாறிச் சமையல்காரர்கள் போன பிறகும் சமையல் இலையில் இருப்பதுபோல, அந்த நுண்ணுயிர்கள் செய்துவிட்டுப் போன வேலை இட்லியில் அப்படியே இருக்கிறது. பருப்பில் வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாகியோஸ் போன்ற சர்க்கரைகள் குறைந்திருக்கின்றன. இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் கட்டிப்போடும் ஃபைட்டேட்டில் ஒரு பகுதி உடைந்திருக்கிறது. சில பி வைட்டமின்கள் கூடுகின்றன. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசினை உளுந்து ஈடுகட்டுகிறது. மென்று விழுங்கத் தெம்பில்லாதவரும் சாப்பிட முடிகிற மென்மை கிடைக்கிறது. கூடவே, கொதிநிலையில் வெந்து சூடாகத் தட்டுக்கு வருவதால் தொற்றுக்கான வாய்ப்பும் மிகக் குறைவு. காய்ச்சல்காரருக்கு இட்லி கொடுத்த பழக்கத்தில், புளிப்பின் நன்மையை வைத்துக்கொண்டு நுண்ணுயிரை நீக்கிவிடுகிற ஒரு நல்ல பொறியியல் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பாக்டீரியா என்ற ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

பழைய சோறு இட்லியைப் போல் எளிய கதை அல்ல. தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் அது சத்தன்னம். மீந்த சோற்றில் தண்ணீரோ பாலோ ஊற்றி, ஒரு கரண்டி தயிர் கலந்து, மண்சட்டியில் இரவு முழுக்க வைத்து, காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். இங்கே கடைசியில் வேகவைக்கும் கட்டம் கிடையாது. எனவே இது உயிர்ப் புளிப்பு. இரவு நேரத்தில் அந்தச் சட்டிக்குள் ஒரு பந்தயம் நடக்கிறது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வேகும் சூட்டையும் அவை தாங்கிக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் செரியுலைடு என்ற நச்சை உமிழும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. எதிர்த்தரப்பில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவை முந்திக்கொண்டு புளிப்பேற்றிவிட்டால் பேசில்லஸ் அடங்கிவிடும். ஒரு கரண்டி தயிர் சேர்ப்பது இந்தப் பந்தயத்தில் நல்லவர்களுக்கு முன்தொடக்கம் கொடுக்கிற வேலை. தண்ணீர் ஊற்றாமல் மேசையில் மூடி வைத்துவிட்ட சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதைப் பழைய சோறு என்று எண்ணி உண்ணக் கூடாது, உடம்பு முடியாதவருக்குக் கொடுக்கவே கூடாது.

பழைய சோற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் ஓர் எண் உண்டு. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்பு, ஓரிரவு ஊறியதும் 73.91 மில்லிகிராம் ஆகிவிடுகிறதாம். இரத்தசோகையால் வாடும் பெண்களுக்கு இதை நம்பிக்கையோடு சொல்கிறார்கள் என்பதால் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாக்டீரியாவால் வைட்டமின் தயாரிக்க முடியும், ஏனென்றால் வைட்டமின் என்பது கார்பன், ஹைட்ரஜன் முதலியவற்றைக் கோத்துக் கட்டும் ஒரு மூலக்கூறு. இரும்பு ஒரு தனிமம். அதை எந்த உயிரும் தயாரிக்க முடியாது. மூடிய சட்டிக்குள் இரும்பு இருபது மடங்கு கூடியிருந்தால் அது சட்டியிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்திருக்க வேண்டும், அல்லது அளந்த முறையில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். புளிப்பு செய்யக்கூடியது வேறு: ஏற்கெனவே இருக்கும் கொஞ்ச இரும்பை உடம்பு எட்டும்படி ஓரளவு விடுவிப்பது.

உணவில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதும், அதில் எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்பதும் இரண்டு தனிக் கணக்குகள். இந்த இரண்டாவது கணக்கைச் சோதனைக்குழாயிலேயே மதிப்பிடும் முறை ஒன்றை 1978-ல் வெளியிட்டவர்கள் ஹைதராபாத்காரர்கள்தான்: தார்நாக்காவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பி. எஸ். நரசிங்க ராவும் டி. பிரபாவதியும். அந்த நிறுவனம் பிறந்த இடம் நம் நீலகிரி. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறிய அறையில் தொடங்கியது, 1950-களின் கடைசியில் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. இன்று நாட்டின் உணவு அட்டவணைகளுக்கெல்லாம் அதுவே தாய்வீடு. இரும்பு பற்றிச் சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப்புக்குப் பதில் அந்த அட்டவணையைப் புரட்டலாம்.

கொம்புச்சாவுக்கு வருவோம். இனிப்பான கறுப்புத் தேநீரை ஆறவைத்து, பழைய கொம்புச்சாவில் கொஞ்சத்தையும் ஆடை போல மிதக்கும் ஒரு தடித்த படலத்தையும் போட்டு, துணி கட்டி ஒன்று முதல் இரண்டு வாரம் வைத்தால் கொம்புச்சா தயார். அந்தப் படலத்தைக் காளான் என்று சிலர் சொல்வதுண்டு. அது காளானே அல்ல. அசெட்டிக் அமில பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ் விரிப்பு. அதில் ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் கூடிக் குடியிருக்கின்றன. ஈஸ்ட் சர்க்கரையை உடைத்துக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆக்கி, அதைச் சாராயமாக மாற்றுகிறது. பாக்டீரியா அந்தச் சாராயத்தை உண்டு அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரின் அமிலம், ஆக்குகிறது. குளுக்கோஸிலிருந்து குளுக்கோனிக் அமிலமும் வருகிறது. முடிவில் பி.எச். 3 அளவில் நிற்கும். இட்லி மாவைவிடப் பல மடங்கு கடுமையான அமிலம் அது.

இதில் கவனிக்க வேண்டியவை சில. ஒன்று, கொம்புச்சாவில் உயிரோடு இருப்பவை பெரும்பாலும் ஈஸ்டும் அசெட்டிக் பாக்டீரியாவும். குடல் நலத்துக்காக ஆராயப்பட்ட லாக்டோபேசில்லஸ் வகைகள் எல்லாக் கொம்புச்சாவிலும் இருப்பதில்லை, இருந்தாலும் எவ்வளவு என்று உறுதியில்லை. இந்தியாவில் ஓர் உணவைப் புரோபயாடிக் என்று விற்க, பரிந்துரைக்கும் ஒருநாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதி சொல்கிறது. வீட்டுச் சாடியில் அதை யாரும் எண்ணுவதில்லை. மற்றொன்று, மிஞ்சிய சர்க்கரை. இன்னொன்று, சாராயம். 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானக் கணக்கில் சேரும். குளிரில் வைக்காத பாட்டிலுக்குள் ஈஸ்ட் ஓய்வதில்லை. ஹைதராபாத்தின் ஏப்ரல் வெயிலில் சாடி வேகமாகப் பொங்கும், வீட்டில் செய்தது அந்த வரம்பைத் தாண்டுவதும் சகஜம். சனத்நகருக்கு ஃபிரிட்ஜோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1942-ல் தொடங்கிய ஹைதராபாத் ஆல்வின் நிறுவனம் இங்கேதான் ஃபிரிட்ஜ் செய்தது, பல நடுத்தர வீடுகளின் முதல் ஃபிரிட்ஜ் அதுதான். மாவு இரண்டு மூன்று நாள் தாங்கும் வசதி அப்படித்தான் வந்தது. ஃபிரிட்ஜின் குளிர் நுண்ணுயிரைக் கொல்வதில்லை, மந்தப்படுத்தி வைக்கிறது. வெளியே எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கொம்புச்சாவால் நன்மை உண்டு என்பதற்கு மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் மிகக் குறைவு. 2023-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் சார்ந்த குழு இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 12 பேரிடம் நான்கு வாரம் சோதித்தது. வெறும்வயிற்றுச் சர்க்கரை சராசரி 164-லிருந்து 116-க்கு இறங்கியது. கவனிக்கத்தக்க முடிவு. ஆனால் பன்னிரண்டே பேர். இதை வைத்து மருந்து எழுத முடியாது, பெரிய ஆய்வு ஒன்று செய்யலாம் என்று சொல்ல முடியும். 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வு இதைவிட ஆழமானது. 36 பேரில் பாதிப் பேர் பத்து வாரம் தயிர், கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா முதலியவற்றை நாளுக்கு ஆறு பங்கு அளவுக்கு உண்டார்கள். மற்றவர்கள் நார்ச்சத்து மிகுந்த உணவு. புளித்த உணவுக் குழுவில் குடல் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் இரத்தத்தில் குறைந்தன. புதிதாகத் தென்பட்ட நுண்ணுயிர்களில் சிறு பங்கே அந்த உணவுகளிலிருந்து வந்தவை என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம். உணவு தன் ஆட்களைக் குடியேற்றவில்லை, குடலின் சூழலை மாற்றி, ஏற்கெனவே மறைந்திருந்தவர்களை எழுப்பிவிட்டது என்றே தோன்றுகிறது. எனினும் இந்த ஆய்வைப் படிக்கும்போது ஒரு சொல்லை அடிக்கோடிட வேண்டும். அந்த 36 பேரும் ஆரோக்கியமானவர்கள். நோயாளிகளுக்கு இதே பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

நோயாளிகளிடம் என்ன தெரியவந்திருக்கிறது? வயிற்றுப்போக்கு முதலில். 2018-ல் அமெரிக்காவில் 971 குழந்தைகளிடம் லாக்டோபேசில்லஸ் ஜி.ஜி. என்ற பெயர்பெற்ற பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்ததில் வெற்று மருந்தைவிட எந்த முன்னேற்றமும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், கடும் வயிற்றுப்போக்கின் நீட்சியைப் புரோபயாடிக் பெரிதாகக் குறைக்காது என்றே முடிவுசெய்தது. வயிற்றுப்போக்கில் உயிரைக் காப்பது உப்பும் குளுக்கோஸும் சரியான விகிதத்தில் கலந்த தண்ணீர், அதாவது ஓ.ஆர்.எஸ். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் திலீப் மகலனோபிஸ் அதை நிரூபித்தார். இன்றைய உலக சுகாதார நிறுவனச் சூத்திரத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், அதற்கு ஈடாகச் சோடியம். கொம்புச்சாவில் சோடியம் ஏறத்தாழ இல்லை, சர்க்கரையின் அளவோ பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். ஹைதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்களுக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். அதன் பின் 2025 அக்டோபரில், சூத்திரத்துக்கு உட்படாத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது. வயிற்றுப்போக்குக்காரர் கையில் எந்தப் பானம் இருக்கிறது என்பது இவ்வளவு பெரிய விஷயம். அங்கே கொம்புச்சாவுக்கு இடமில்லை.

ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது நிலைமை கொஞ்சம் வேறு. குழந்தைகளிடம் நடந்த 33 ஆய்வுகளை 2019-ல் காக்ரேன் தொகுத்துப் பார்த்தபோது, ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கு புரோபயாடிக் பெற்றவர்களில் 8 சதவீதம், பெறாதவர்களில் 19 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆன்டிபயாடிக் முடித்த பிறகு பதினொரு வகைப் புரோபயாடிக் எடுத்துக்கொண்டவர்களின் குடலில், அவர்களுக்கே சொந்தமான பழைய நுண்ணுயிர்ச் சமூகம் திரும்பி வருவது தாமதமானது. எதுவும் எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு அது விரைவாகத் திரும்பியது. வந்தவர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் வீட்டுக்காரர்கள் வெளியே காத்திருக்க நேர்ந்தது. இரண்டு முடிவுகளும் உண்மையாக இருக்க முடியும். வயிற்றுப்போக்கைத் தடுப்பதும், குடல் தன் இயல்புக்குத் திரும்புவதும் வெவ்வேறு அளவுகோல்கள்.

உயிருள்ள பாக்டீரியா நோயைத் தடுக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று நம் நாட்டிலிருந்தே வந்தது. ஒடிசாவின் கிராமங்களில் பினாகி பாணிக்ரகி தலைமையில் 4,556 பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, 2017-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் குறிப்பிட்ட ஒரு வகையும் அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையும், பிறந்த சில நாட்களில் தொடங்கி ஒரு வாரம். இரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்த விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதத்துக்கு இறங்கியது. செலவு சொற்பம். படித்தபோது மனம் நெகிழ்ந்தது. ஆனால் இதன் நிபந்தனைகளையும் படிக்க வேண்டும். பல வகைகளைச் சோதித்துத் தேர்ந்த ஒரே வகை, எண்ணி அளந்த அளவு, 2 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள். அதே புரோபயாடிக் எண்ணத்தை மிகக் குறைமாதக் குழந்தைகளிடம் கொண்டுபோனபோது என்ன ஆனது? 2023 அக்டோபரில், புரோபயாடிக் பெற்ற ஒரு குறைமாதக் குழந்தை அதே பாக்டீரியாவின் தொற்றால் இறந்ததை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவமனைகளை எச்சரித்தது.

பெரிய குழந்தைகளிலும் இது நிகழும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் புரோபயாடிக் பெற்ற 522 பேரில் 6 பேரின் இரத்தத்தில் லாக்டோபேசில்லஸ் தொற்று. பெறாத 21,652 பேரில் 2 பேருக்கு மட்டும். மரபணு வரிசையை ஒப்பிட்டபோது, இரத்தத்தில் இருந்தவை மாத்திரையிலிருந்து வந்தவைதாம் என்று 2019-ல் உறுதியானது. குடல் சுவர் நலமாக இருக்கும்போது உள்ளே அடங்கிக் கிடக்கும் நுண்ணுயிருக்கு, சுவர் புண்ணாகி எதிர்ப்பணுக்களும் குறைந்திருக்கும்போது வெளியே வர வழி கிடைக்கிறது. புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், இரத்தக் குழாயில் நிரந்தர ஊசிக்குழாய் பொருத்தப்பட்டவர்கள் இந்த வரிசையில் வருகிறார்கள். மாத்திரையில் இருக்கும் பாக்டீரியா யார் என்றாவது தெரியும். வீட்டுச் சாடியில் இருப்பது யார் யார் என்றே தெரியாது.

கொம்புச்சாவின் தீங்கு பற்றிய பதிவுகள் எண்ணிக்கையில் குறைவு, இருப்பவை அழுத்தமானவை. 1995-ல் அமெரிக்காவின் அயோவாவில் இரண்டு மாதமாகத் தினமும் குடித்துவந்த இரண்டு பெண்கள் இரத்தத்தில் அமிலம் கூடி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஒருவர் இறந்தார். கொம்புச்சாதான் காரணம் என்று திட்டவட்டமாக நிறுவ முடியவில்லை. ஆரோக்கியமானவர் நாளுக்குச் சுமார் 120 மில்லி குடித்தால் தீங்கு நேராமல் இருக்கலாம் என்று அப்போதைய அரசு அறிக்கை சொன்னது. எச்.ஐ.வி. தொற்றுள்ள ஓர் இளைஞருக்குக் குடித்த பதினைந்து மணி நேரத்துக்குள் கடும் காய்ச்சலும் சிறுநீரகச் செயலிழப்பும் வந்ததை 2009-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு தம்பதி மெருகு பூசிய பீங்கான் பானையில் கொம்புச்சா செய்து குடித்து ஈய நச்சுக்கு ஆளானார்கள். 1998-ல் பதிவான இந்தச் செய்தி நம் பாட்டிகளுக்கு வியப்பாக இருந்திருக்காது. கலாய் பூசாத பித்தளையில் புளி வைத்தால் களிம்பேறும் என்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொல்லித் தந்தவர்கள் அவர்கள். அமிலம் பாத்திரத்தைத் தின்னும். பீங்கானின் வண்ண மெருகிலும் அதுதான் நடந்தது.

எர்ரகட்டா நெஞ்சக மருத்துவமனைக்கு வந்துபோகிறவர்களை நினைத்துத்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மருந்துக்கு மசியாத காசநோய்க்கு ஆறு மாதத்தில் முடியும் புதிய மருந்துத் தொகுதி ஒன்றை 2024 செப்டம்பரில் நடுவண் அரசு ஏற்றது. பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கு மருந்துகள். முன்பு ஒன்றரை, இரண்டு வருடம் இழுத்த சிகிச்சை சுருங்கியிருக்கிறது. மிகப் பெரிய ஆறுதல் அது. இவற்றில் லினிசோலிட்டுக்கு ஒரு பக்கக் குணம் உண்டு. உடம்பில் டைரமின் என்ற பொருளை உடைக்கும் நொதியை அது ஓரளவு தடுத்துவிடும். டைரமின், புரதத்தில் உள்ள டைரோசினைப் பாக்டீரியா சிதைக்கும்போது பிறப்பது. நாள்பட்ட சீஸ், சோயா சாஸ், கிம்ச்சி, ஊறவைத்த மீன், பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றில் அது சேரும். சாதாரணமாகக் கல்லீரலும் குடலும் அதைக் கையாண்டுவிடும். லினிசோலிட் ஓடும்போது டைரமின் மிகுந்த உணவை நிறைய உண்டால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறலாம். ஒரு வேளை உணவில் 100 மில்லிகிராமுக்குக் கீழே நிறுத்த வேண்டும் என்பது அந்த மருந்தின் குறிப்பு.

பெரும்பாலான காசநோயாளிகள் சாப்பிடும் ஐசோனியாசிட்டுக்கும் இதே குணம் கொஞ்சம் உண்டு. அத்தோடு ஹிஸ்டமினை உடைக்கும் வழியையும் அது தடுக்கிறது. சரியாகக் குளிரில் வைக்காத சூரை மீனில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினைப் பெருக்கிவிடும். ஐசோனியாசிட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த மீனைத் தின்று முகம் சிவந்து, தலைவலியும் படபடப்புமாக அவதிப்பட்டதை 1970-களின் பிற்பகுதியிலும் 1980-லும் இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட விவரித்து எழுதினார். இலங்கைத் தமிழர் வீடுகளில் சூரை அன்றாட மீன் என்பதால் இது ஏட்டுச் செய்தி அல்ல. கூடவே, காசநோய் மருந்துகள் பலவும் கல்லீரலைத் தொல்லைப்படுத்தக்கூடியவை. வீட்டுக் கொம்புச்சாவின் சாராயம் அந்தச் சுமையில் தேவையில்லாமல் ஏறும். ஆவி பறக்கும் இட்லியிலும் அன்றன்று தோய்ந்த புதுத் தயிரிலும் டைரமின் பற்றிய கவலை பெரிதாக இல்லை. பல நாள் கிடந்து முற்றிய உயிர்ப் புளிப்புகளில்தான் தொல்லை.

தெலங்கானாவுக்குச் சொந்தமான பழைய உயிர்ப் புளிப்புப் பானம் கள். பனையிலும் ஈச்சமரத்திலும் இறக்கியது. சிறுநீரகக் கல் கரையும், உடம்புச் சூடு தணியும் என்று அதற்கும் மருத்துவப் பெருமை உண்டு. நகரத்தின் தேவைக்கு மரங்கள் போதாதபோது கடையில் கலப்படம் புகுந்தது. அல்பிரசோலம், டயாசெபம் போன்ற தூக்க மருந்துகள் கலந்த கள்ளுக்குப் பழகியவர்கள், அது கிடைக்காத நாட்களில் வலிப்பும் பிதற்றலுமாக எர்ரகட்டா மனநல மருத்துவமனைக்கு வருவது பல ஆண்டுகளாக நடக்கிறது. 2020 ஊரடங்கில் அந்தக் கூட்டம் திடீரென்று பெருகியது. சனத்நகரை அடுத்த கூகட்பள்ளிப் பக்கம் 2025 ஜூலையில் கலப்படக் கள் குடித்தவர்கள் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிர்களும் போயின. புளித்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு பானத்தை மருந்தாக நம்பினால், அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் போய்விடுகிறது.

பழைய சோற்றின் மருத்துவப் பயனைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குடல் அழற்சி நோயாளிகளிடம் ஆராயத் தொடங்கியது நல்ல திசை. எந்த நோய், எவ்வளவு, எத்தனை நாள் என்ற கேள்விகளோடு நம் சொந்த உணவைச் சோதிக்கும் முயற்சிகள் இன்னும் பல வேண்டும். தெலுங்கு நாட்டின் ராகி அம்பலிக்கும் அப்படி ஓர் ஆய்வு நடந்தால் மகிழ்வேன்.

அதுவரை வீட்டில் என்ன செய்வது? காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது இட்லி, உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, நிறையத் தண்ணீர். வயிற்றுப்போக்கு இருந்தால் அவற்றோடு பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கு ஓய்ந்த சில நாட்களுக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்திருக்கும். அப்போது பாலைவிடத் தயிர் தாங்கும், ஏனென்றால் தயிரின் பாக்டீரியாக்களே லாக்டோஸில் ஒரு பகுதியை உடைத்துவிடுகின்றன, மீதியை உடைக்கவும் உதவுகின்றன. புதுத் தயிரை நீர்மோராக்கி உப்புப் போட்டுக் கொடுக்கலாம். பழைய சோறு பசி திரும்பிய பிறகு, தயிர் சேர்த்துப் புளிக்க வைத்ததாக. கொம்புச்சா பிடிக்கும் என்றால், மருந்துகள் முடிந்து மருத்துவரும் சரி என்ற பிறகு, குளிரில் வைத்து விற்கும் பாட்டிலிலிருந்து சிறு கோப்பை அளவு. கீமோ நடப்பவர், உறுப்பு மாற்றிக்கொண்டவர், கல்லீரல் நோயாளி, கர்ப்பிணி ஆகியோருக்கு அதுவும் வேண்டாம். காசநோய்ச் சீட்டில் லினிசோலிட் என்ற பெயர் இருந்தால், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது சோயா சாஸ், சீஸ், முற்றிய புளிப்புகள் பற்றி அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.